கணக்கு ஒப்புவிக்காதவருக்கு மகுடமா?

(மாத்தளையில் தமிழ்க் கமக்காரரும், ஆசிரியர், வழக்கறிஞர், உத்தியோகத்தர் முதலியோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நீங்கள் வயல் வரப்பிலும் அலுவலக மேசையிலும் தேநீர்க் கடையிலும் நாள்தோறும் பேசி மனம் புழுங்கும் பொருள்தான். நாட்டை ஆள்பவர் தவறு செய்தால் அவரைக் கேட்பது யார்? கேட்டால் அவர் பதில் சொல்கிறாரா? சொல்லாவிட்டால் அவருக்கு நேர்வது என்ன?

முதலில் நம்மைப் பார்ப்போம். இரத்தோட்டை மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய், மாலை நிறுவையில் குறித்த அளவுக்கு ஒரு கிலோ குறைந்துவிட்டால் அன்று அவளுக்கு அரைப்பேர். நாள் முழுதும் மலையேறி இறங்கிய கால்களுக்குப் பாதிக் கூலி! வங்கியிலே கடன்பட்டு வெங்காயம் நட்ட கமக்காரர் தவணை தப்பினால் வட்டிக்கு மேல் வட்டி, பின்பு அறிவித்தல், அதற்கும் பின்பு நீதிமன்றம். கச்சேரியிலே கணக்கெழுதும் எழுதுவினைஞரின் பேரேட்டில் நூறு ரூபாய் குறைந்தால் கணக்காய்வாளரின் வினா வந்து சேருகிறது. விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் பொருந்தாவிடின் சம்பளத்தில் வெட்டு.

இவ்வாறு சிறியவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் கணக்கு ஒப்புவிக்கின்ற நாட்டிலே, உயிருக்கும் உடைமைக்கும் காவல் என்று உறுதிமொழி கூறிப் பதவி ஏற்றவர் மட்டும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை என்பது எந்த ஊர் நீதி?

அனுராதபுரத்தில் இருந்து அரசாண்ட எல்லாளன், அரண்மனையில் ஆராய்ச்சி மணி கட்டினான். கன்றைக் கொன்ற தன் மகனையே தண்டித்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. அவன் தமிழன், அவனைப் போரிலே வென்ற சிங்கள அரசனின் புகழ் பாடும் நூல் அது. அந்த நூலே அவன் நீதியை மறைக்கவில்லை. ஆகவே, ஆள்பவன் நீதிக்குக் கட்டுப்பட்டவன் என்ற எண்ணம் சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான பழஞ்சொத்து. அந்தச் சொத்தை நாம் தொலைத்தது எப்படி? மாத்தளையிலிருந்து இதனைக் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்தின் வரலாறே அந்தத் தொலைவின் வரலாறாக இருக்கிறது.

வெள்ளைத் தேசாதிபதியைக் கேட்டார்கள்

1848-ஆம் ஆண்டு. டொரிங்டன் பிரபு இலங்கையின் தேசாதிபதி. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி. போதாததற்கு வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பு. மக்கள் பொறுக்கவில்லை. யூலை 26-இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். இரண்டு நாளில் கிளர்ச்சிக்காரர் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கினர். இராணுவச் சட்டம் வந்தது. கிளர்ச்சிக்காரர் பக்கத்தில் ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர். ஆங்கிலப் படையில் ஒருவரேனும் மடியவில்லை. வீர புரன் அப்பு ஓகஸ்ட் 8-இல் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். காவியுடை தரித்த பிக்கு ஒருவரும் அந்த உடையோடேயே சுடப்பட்டார். மாத்தளை ஆலுவிகாரையின் ஏட்டுச் சுவடிகளும் அந்தக் கலகத்தில் அழிந்தன.

அதன் பின் நடந்ததைக் கவனியுங்கள். இலண்டன் பாராளுமன்றம் ஒரு தெரிவுக் குழுவை அமைத்து இலங்கை நிருவாகத்தை விசாரித்தது. ஆளும் இனத்தைச் சேர்ந்த தேசாதிபதியை, ஆளப்பட்ட இனத்தின் உயிருக்காகக் கேள்வி கேட்டார்கள். 1850-இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டான்.

அந்நியர் ஆட்சியை நான் புகழ வரவில்லை. டொரிங்டன் சிறைக்குப் போகவில்லை. சில ஆண்டுகளில் விக்டோரியா அரசியின் அரண்மனையிலே பதவி பெற்றான். மாண்டவர்களின் குடும்பங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆயினும் விசாரணை நடந்தது, சாட்சியம் அச்சேறியது, தேசாதிபதி பதவி இழந்தான். குறைந்த அளவுதான். ஆனால் அந்தக் குறைந்த அளவைக்கூடச் சுதந்திர இலங்கை எட்டியதுண்டா என்பதே என் கேள்வி.

வாக்கில்லாதவனுக்குப் பதில் இல்லை

சுதந்திரம் வந்த அதே 1948-இல், 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியே நடந்து, வழிநெடுக உறவினரைப் புதைத்துவிட்டு மாத்தளை வந்து சேர்ந்தவர்களின் பேரர்கள், ஒரே நாளில் நாடற்றவர் ஆனார்கள். மறு ஆண்டில் அவர்களின் வாக்கும் பறிபோயிற்று. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் தில்லியில் கையொப்பமிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆடுமாடு பிரிப்பதுபோல் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றவர் குடியுரிமை பெற 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அரசியல்வாதி தன் வாக்காளனுக்கு மட்டுமே அஞ்சுகிறான். வாக்கைப் பறித்துவிட்டால் அஞ்சவும் தேவையில்லை. பதில் சொல்லவும் தேவையில்லை. தலைவர்கள் தப்பிச் செல்லும் முதலாவது கதவு இவ்வாறு நம் வீட்டுச் சுவரை இடித்துத்தான் திறக்கப்பட்டது.

சட்டத்தால் செய்த கதவு

1977 ஓகஸ்டில் மலையகமெங்கும் தமிழர் தாக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் ஓடினர். சன்சோனி ஆணைக்குழு விசாரித்து அறிக்கை தந்தது. அறிக்கையின் பயன் என்ன? குற்றவாளிகள் கூண்டில் ஏறினரா? இல்லை. 1982-இல் 20-ஆம் இலக்க இழப்பெதிர்காப்புச் சட்டம் வந்தது. அந்த ஓகஸ்ட் மாதத்திலே ஒழுங்கை நிலைநாட்டும் பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக அமைச்சர் மீதோ அரச அதிகாரி மீதோ வழக்குத் தொடர இயலாது என்றது அச்சட்டம். 1988-இல் திருத்தம் வந்தது. 1977 ஓகஸ்ட் 1 முதல் 1988 டிசெம்பர் 16 வரை, பதினோராண்டுகளுக்கு மேற்பட்ட காலம் முழுவதற்கும் அந்தக் குடை விரிக்கப்பட்டது. இடையில் 1983 யூலையும் இருந்ததை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டுமா? மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் தேர்கள் எரிந்த யூலை அது!

அதே 1982-இல் இன்னொன்றும் நடந்தது. 1977-இல் தெரிவான பாராளுமன்றம், தேர்தலைச் சந்திக்காமல், ஒரு மக்கள் தீர்ப்பின் மூலம் தன் ஆயுளை மேலும் ஆறாண்டு நீட்டிக்கொண்டது. ஆளுங்கட்சி உறுப்பினரிடம் திகதியிடாத பதவி விலகற் கடிதங்களைச் சனாதிபதி ஜயவர்த்தனா முன்னதாகவே பெற்று வைத்திருந்தார். பாராளுமன்றம் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. உறுப்பினரோ தலைவரை மீற இயலாது. இந்த நிலையிலேதான் 1983 வந்தது.

ஒரு பொய்யின் பயணம்

இப்போது நான் சொல்லப்போவதைச் சற்று ஊன்றிக் கேட்க வேண்டுகிறேன். இதுவே என் உரையின் உயிர்நாடி.

1983 யூலையில் தமிழர் கொல்லப்பட்டபோது அரசு என்ன செய்தது? பொறுப்பேற்றதா? இல்லை. இடதுசாரிகளின் சதி என்று கூறி, மக்கள் விடுதலை முன்னணியையும் வேறு இரண்டு இடதுசாரிக் கட்சிகளையும் தடை செய்தது. மற்றைய இரண்டின் தடையும் பின்பு நீங்கியது. மக்கள் விடுதலை முன்னணியின் தடை ஐந்தாண்டு வரை நீடித்தது. சட்டப்படியான அரசியலிலிருந்து துரத்தப்பட்ட அந்தக் கட்சி தலைமறைவாயிற்று. 1987-இல் ஆயுதம் எடுத்தது. அந்த ஆயுதமும் அப்பாவிகளைக் கொன்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதை அடக்கவந்த அரசோ பிடித்தவரை நீதிமன்றம் கொண்டு செல்லவில்லை, வீதியோரம் எரித்தது. மரண விசாரணை இல்லாமலே உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் அவசரகால விதிகள் இடந்தந்தன.

தமிழரின் இரத்தத்துக்குப் பதில் சொல்லாமல் தப்புவதற்காகச் சொல்லப்பட்ட பொய், ஆறு ஆண்டுகளில் சிங்கள இளைஞரின் இரத்தமாகத் திரும்பி வந்தது. 1983-இல் அந்தப் பொய்யை நம்பிய சிங்களத் தாய், தன் மகனுக்கே அது குழி தோண்டும் என்று அறிந்திருப்பாளா?

வைத்தியசாலை வளவில் எழுந்த சாட்சி

2012 நவெம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிர்வாயு நிலையம் ஒன்று அமைக்க மண்ணை வெட்டினார்கள். எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட வந்தன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள்! தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவா ஆராய்ந்து, அவை 1986-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றார். சித்திரவதைக்கான அடையாளங்கள் உண்டென்று நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அது குற்றம் நிகழ்ந்த இடம் என்று மாத்தளை நீதவான் அறிவித்தார். காணாமற்போன பிள்ளைகளின் பெற்றோர், முதுமையில் தள்ளாடியவாறு, அந்தக் குழியின் ஓரத்தில் வந்து நின்றார்கள்.

1989-இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவப் பொறுப்பதிகாரி யார்? கோத்தாபய ராஜபக்ச. 2012-இல் எலும்புகள் வெளிப்பட்டபோது அவர் பாதுகாப்புச் செயலாளர். அவருடைய தமையனார் நாட்டின் சனாதிபதி. 2013-இல் அந்தச் சனாதிபதியே ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றின் கரிமக் காலக்கணிப்பை ஆதாரமாகக் கொண்டு, எலும்புகள் 1950-க்கு முற்பட்டவை என்று ஆணைக்குழு முடிவு கூறிற்று. பேராசிரியர் அதனை ஏற்கவில்லை. விசாரணை அத்துடன் உறங்கிற்று. மத்திய மாகாணப் பொலிஸ் நிலையங்களில் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஏடுகளை அழிக்குமாறு கோத்தாபய ராஜபக்ச உத்தரவிட்டார் என்று, பாரிய புதைகுழிகளைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் 2023-இல் வெளியிட்ட அறிக்கை குறிப்பிடுகிறது.

நீதியின் பெயரால் பேசுகின்ற நாம் நீதி தவறிப் பேசலாகாது. தாம் குற்றம் எதுவும் செய்யவில்லை என்பதே அவர் கூற்று. மாத்தளையை முன்னிட்டு எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. ஆனால் எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றமற்றவர் என்றும் தீர்க்கவில்லையே! வழக்கே இல்லாத இடத்தில் விடுதலை ஏது? முறையான விசாரணை நடந்திருந்தால், குற்றம் இருந்தால் தண்டனை. இல்லையேல் அவர் பெயருக்கே தூய்மை. இரண்டும் இல்லாமல் ஐயத்தை மட்டும் நாட்டின் தலையில் சுமத்தி வைத்தது யார்?

1994-இல் நியமிக்கப்பட்ட மூன்று வலய ஆணைக்குழுக்களும் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் காணாமலாக்கப்பட்டதை உறுதி செய்தன. அவற்றுள் ஒன்று மத்திய மாகாணத்துக்கு உரியது. அந்தப் பதினாறாயிரம் பேருக்காகப் பதவியிழந்த அமைச்சர் ஒருவரைச் சொல்லுங்கள் பார்ப்போம்!

வயலுக்கு வந்த தண்டனை

“இவை பழங்கதை, இன்றைய விலைவாசியைப் பேசுங்கள்” என்று கமக்காரத் தோழர் யாரேனும் நினைக்கக்கூடும். அதற்கே வருகிறேன்.

2019-இல் கோத்தாபய ராஜபக்ச சனாதிபதியானார். 2021 ஏப்ரில் கடைசியில், இரசாயனப் பசளை இனி நாட்டுக்குள் வராது என்று ஒரே அறிவிப்பில் நிறுத்தினார். மண்ணைச் சேதனப் பசளைக்குப் பழக்கப் பல பருவங்கள் வேண்டும் என்பதை, கலேவெலையில் வெங்காயம் நடும் சிறுவனும் அறிவான். அரசு அறியவில்லையா, அறிந்தவர் சொல்லைக் கேட்கவில்லையா? நெல் பசளையின்றி வெளிறிற்று, தேயிலை குன்றிற்று, தம்புள்ளைச் சந்தைக்கு வரும் மரக்கறி லொறிகள் குறைந்தன. நவெம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பருவம் போயிற்று. தன்னிறைவு பேசிய நாடு அரிசிக்கு வெளியே கையேந்தியது.

பின்பு டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, மருந்து இல்லை. 2022 யூலையில் மக்கள் எழுந்தார்கள். சனாதிபதி மாலைதீவுக்குப் பறந்தார்; அங்கிருந்து சிங்கப்பூர்; அங்கிருந்து பதவி விலகற் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். செப்டெம்பரில் திரும்பி வந்தபோது அவருக்கு அரசாங்க வீடும் காவலும் காத்திருந்தன.

2023 நவெம்பர் 14-இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. கோத்தாபய, மகிந்த, பசில் ஆகிய மூவரும் மத்திய வங்கி, திறைசேரி ஆகியவற்றின் முன்னாள் தலைவர்களும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர். பொருளாதார அழிவுக்குக் காரணமாயினர் என்றது. தண்டனை? மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு 150,000 ரூபாய் வீதம்! மக்களுக்கு இழப்பீடு என்று ஒரு சதமும் விதிக்கப்படவில்லை. அரைப்பேர் வாங்கிய தாயின் கணக்கோடு இந்தக் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள்!

தீர்ப்பைச் சிறிதென்று இகழவில்லை. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறியமைக்காக மைத்திரிபால சிறிசேனா பத்துக்கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென 2023 சனவரியில் அதே நீதிமன்றம் பணித்தது. 2025 ஓகஸ்டில் ரணில் விக்கிரமசிங்க, அரசாங்கப் பணத்தைத் தனிப் பயணத்துக்குச் செலவிட்டார் என்ற குற்றச்சாட்டிலே கைதாகிப் பிணையில் வந்தார். அவர் அதனை மறுக்கிறார். மூடிய கதவுகளில் விரிசல் தெரிகிறது, உண்மை. ஆனால் பயணச் செலவுக்குக் கணக்குக் கேட்கும் அரசு, புதைகுழிக்குக் கணக்குக் கேட்க ஏன் இன்னும் தயங்குகிறது?

நான்கு கதவுகள்

தலைவர்கள் தப்புவது மாயத்தால் அன்று, கதவுகளால். அவற்றை எண்ணிக் காட்டுகிறேன்.

ஒன்று, ஆணைக்குழு. கோபம் கொதிக்கும்போது நியமிப்பார்கள்; ஆறியபின் அறிக்கையைப் பூட்டுவார்கள். 1998-இல் முடிந்த பட்டலந்த ஆணைக்குழுவின் அறிக்கை, 2025 மார்ச்சிலேதான் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதற்குள் சாட்சிகளுள் எத்தனை பேர் மண்ணாகியிருப்பர்!

இரண்டு, சட்டம். சற்றுமுன் சொன்ன இழப்பெதிர்காப்பு ஒருபுறம். பதவியிலிருக்கும் சனாதிபதியை வழக்கிலிருந்து காக்கும் அரசியலமைப்பின் 35-ஆம் உறுப்புரை மறுபுறம். அரசுக்கு ஆலோசனை கூறுபவரும் சட்டமா அதிபர். அரசின் ஆட்கள் மீது வழக்குத் தொடர வேண்டியவரும் அவரே என்னும் ஏற்பாடு இன்னொருபுறம். ஒருவரே வைத்தியரும் நோயாளியின் பங்காளியும் ஆனால் நோய் தீருமா?

மூன்று, கீழே தள்ளுதல். 1996-இல் யாழ்ப்பாணத்தில் மாணவி கிருசாந்தியும் அவரைத் தேடிச் சென்ற மூவரும் கொல்லப்பட்ட வழக்கில் 1998-இல் சிப்பாய்கள் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் கூண்டில் நின்று சொன்னதாலேயே செம்மணிப் புதைகுழி உலகுக்குத் தெரிந்தது. 2025-இல் அதே செம்மணியில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் எழுந்தன. சிப்பாய் சிறையில், கட்டளையிட்டவர் எவரோ அவர் ஓய்வூதியத்தில்!

நான்காவது கதவு நம்மிடமே இருக்கிறது. அதன் பெயர் இனம். செம்மணி எலும்பைக் கண்டால் சிங்களவர் “அது அவர்களுடையது” என்கிறார்கள். மாத்தளை எலும்பைக் கண்டால் தமிழர் “அது அவர்களுடையது” என்கிறோம். இறந்தவரை இப்படிப் பங்கு போட்டுக் கொடுத்தால், கொன்றவன் இரு பங்குக்கும் நடுவே நடந்து போய்விடுகிறான். 1983-க்குக் கணக்குக் கேட்டிருந்தால் 1989 நேர்ந்திருக்குமா? 1989-க்குக் கணக்குக் கேட்டிருந்தால் 2009-இல் முள்ளிவாய்க்காலும், 2021-இல் வயல்களின் வாட்டமும் வந்தவாறே வந்திருக்குமா? கேட்கப்படாத ஒவ்வொரு கேள்வியும் அடுத்த கொடுமைக்கு அனுமதிச் சீட்டாயிற்று.

நம் பக்கமும் பார்ப்போம்

பிறரைக் கேட்கும் வாய் தன்னவரையும் கேட்க வேண்டும். 1978 முதல் அமைச்சரவையில் தொண்டமான் அமர்ந்திருந்தார். மலையக மக்களின் குடியுரிமைக்கு அவர் பாடுபட்டது மறுக்க முடியாதது. ஆனால் 1983-இல் அந்த அமைச்சரவையிலே அவர் என்ன கேட்டார், என்ன விடை பெற்றார் என்று நம் மக்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்களா? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது தமிழர் எத்தனை பேர் உரக்கக் கேட்டோம்? மாற்றுக் கருத்துக் கொண்ட தமிழரைத் தமிழரே சுட்டபோது கேட்டோமா? “நம்மவர்” என்ற சொல் தவறுக்குப் போர்வையாகுமானால், அந்தப் போர்வையைச் சிங்களத் தலைவருக்கும் சிங்களவர் போர்த்துவதை நாம் எப்படிக் குறை கூறுவது?

இன்று ஆட்சியில் இருப்பவரோ, இந்த மாத்தளை மாவட்டத்துக் கலேவெலையிலே பிறந்தவர். 2024 செப்டெம்பரில் சனாதிபதியான அநுர குமார திசாநாயக்கவின் கட்சித் தோழர்களே 1989-இல் காணாமற்போயினர். மாத்தளைக் குழியின் உண்மையை வெளிக்கொணர அவருக்கு உள்ள கடமை வேறெவருக்கும் இல்லை. தம் கட்சி செய்த கொலைகளையும் சேர்த்தே அவர் பேச வேண்டும். சொந்தக் குழியைத் தோண்டும் கை, செம்மணியைத் தோண்டவும் உரிமை பெறும்.

முடியாததன்று

“பெரியவர்களை யாரால் தண்டிக்க முடியும்?” என்று சோர்வோடு கேட்போர் உண்டு. ஆர்சந்தீனாவைப் பாருங்கள். அங்கும் இராணுவ ஆட்சி ஆயிரக்கணக்கானோரை மறையச் செய்தது. 1985-இல் தளபதிகள் தண்டிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டுகளில் மேலும் வழக்குகள் எழாதபடி சட்டங்கள் வந்தன. நம் இழப்பெதிர்காப்பைப் போலவே! ஆனால் தாய்மார் விடவில்லை. வாரந்தோறும் சதுக்கத்திலே கூடினார்கள். 2003-இல் பாராளுமன்றம் அச்சட்டங்களை இரத்துச் செய்தது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அவற்றைச் செல்லாதென்றது. வழக்குகள் மீண்டும் எழுந்தன. பெருவின் புச்சிமோரி 2000-இல் யப்பானுக்கு ஓடி அங்கிருந்தே பதவி விலகினார்; 2009-இல் தம் நாட்டு நீதிமன்றத்திலே இருபத்தைந்து ஆண்டுச் சிறை பெற்றார். காலம் தாழ்ந்தது; கதவு திறந்தது.

நாம் செய்யத்தக்கவை

பேச்சோடு கலைந்து போவதற்கு நாம் கூடவில்லை. மாத்தளையிலிருந்து எழ வேண்டிய கோரிக்கைகள் இவை: வைத்தியசாலைப் புதைகுழியின் எலும்புகளைச் சுயாதீனமான வேறோர் ஆய்வுக்கூடம் மீண்டும் ஆராய வேண்டும், நீதவான் விசாரணை தொடர வேண்டும். இழப்பெதிர்காப்புச் சட்டமும் அதன் திருத்தமும் நீக்கப்பட வேண்டும். ஆணைக்குழு அறிக்கை எதுவாயினும் ஆறு மாதத்துள் பாராளுமன்றத்தின் முன் வர வேண்டும். அரசுக்கு ஆலோசகராக இல்லாத தனி வழக்குத் தொடுநர் வேண்டும்.

இவற்றை அரசிடம் கேட்போம். நம்மிடமும் ஒரு வேலை இருக்கிறது. வழக்கறிஞர்களே! ஆசிரியர்களே! 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பதினான்கு வேலைநாளுள் தகவல் அலுவலர் தம் முடிவைத் தெரிவித்தாக வேண்டும். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கேளுங்கள்: பசளைத் தடையால் எங்கள் பிரிவில் அழிந்த பயிர் எவ்வளவு? கொடுத்த நட்டஈடு எவ்வளவு? யாருக்கு? எழுதத் தெரியாத கமக்காரருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் உங்கள் பேனாவைக் கடன் கொடுங்கள்.

கமக்காரர்களே! வாக்குக் கேட்டு வருபவர் எவராயினும், சிங்களவராயினும் தமிழராயினும், முதலில் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: “உம்முடைய தலைவர் தவறு செய்தால் பாராளுமன்றத்தில் எழுந்து கேட்பீரா?” மழுப்பினால், வீதி போட்டுத் தருவேன் என்பதற்காக வாக்களிக்காதீர்கள்.

முடிவாக ஒன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டில், நாவினால் ஓதப்பட்டு வந்த பௌத்த நூல்கள் அழிந்துபோகும் என்று அஞ்சிய பிக்குகள், அவற்றை ஏட்டில் எழுதியது இந்த மாத்தளை ஆலுவிகாரையிலேதான். நினைவு மாயும், எழுத்து நிற்கும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். பொலிஸ் ஏடுகள் அழியலாம். ஆனால் மக்கள் ஏட்டை எவன் அழிப்பான்? ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு கிராமத்திலும், 1977-இல் எரிந்த வீடு, 1983-இல் எரிந்த கடை, 1989-இல் மறைந்த மகன், 2021-இல் அழிந்த பயிர் ஆகியவற்றைப் பெயரோடும் திகதியோடும் எழுதி வையுங்கள். சிங்கள அயலவரின் வீட்டுக் கதவையும் தட்டி அவர்களின் மறைந்த பிள்ளையின் பெயரையும் அதே ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஏட்டில் இரு மொழியிலும் பெயர்கள் நிறையும் நாளில், நான்காவது கதவு மூடும். மற்றைய மூன்றும் அதன்பின் நெடுநாள் திறந்திரா.

கொழுந்து ஒரு கிலோ குறைந்ததற்குக் கணக்குச் சொல்பவர்கள் நாம். கணக்குக் கேட்கும் உரிமையும் நமக்கே உண்டு. கேட்போம், பதில் வரும்வரை கேட்போம்.